ஏலமும் களஞ்சியங்களும்

போடிநாயக்கனூரில் ஏலம் என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. மலையில் விளையும் நறுமணப் பொருளும் ஏலம். அதனை விலைகூறி விற்பதும் ஏலம். முன்னது நம் பழந்தமிழ்ச் சொல். பின்னது போர்த்துக்கீசியர் விட்டுச் சென்றது என்பர் சொல்லாய்வாளர்.

ஏலமலை வரலாற்றைக் கட்டுரையாக எழுத முனைந்த இவ்வூர்க் கல்லூரி மாணவி ஒருத்தி, இணையக் களஞ்சியங்களில் தேடிய தாள்களுடன் என்னிடம் வந்தாள். ஒன்று போடியை மதுரை மாவட்டத்து ஊர் என்றது. ஒன்று ஏலமலையைத் திருவிதாங்கூர் மன்னரின் நாடு என்றது. ஏல விளைச்சலில் முதலிடம் இந்தியாவுக்கு என ஒன்றும், குவாத்தமாலாவுக்கு என மற்றொன்றும் கூறின. “ஹஜ்ரத், இவற்றுள் எதை நம்புவது?” என்றாள்.

களஞ்சியம் தொகுப்பது புதுக்கலை அன்று. மாலகாவில் பிறந்து 1248இல் திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைத்தார், ஏறத்தாழ 1,400 மருந்துகளையும் உணவுப் பொருள்களையும் அகர வரிசையில் தொகுத்தார். அவர்தம் பெருமை எண்ணிக்கையில் இல்லை. இது ஜாலீனூஸ் கூறியது, இது இப்னு சீனா கூறியது, இது நானே கண்டது என்று செய்திக்குரியவரைச் சுட்டி எழுதினார் அன்றோ, அதில் இருக்கிறது. தமிழில் ஆ. சிங்காரவேலு முதலியார் தனியொருவராய் உழைத்த அபிதான சிந்தாமணி 1910இல் வெளிவந்தது. பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்ட கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954இல் வந்தது. எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் அவர்களின் இஸ்லாமியக் கலைக் களஞ்சியத்தை நம்மவர்க்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

மாணவியின் தாள்களுக்கு வருவோம். அவற்றுள் பொய் ஒன்றுமில்லை, ஆண்டுதான் இல்லை. தேனி மாவட்டம் 1996இல் பிரிந்தது. அதற்கு முன் எழுதியவர் மதுரை என்றுதான் எழுதுவார். பிரிட்டானிக்கா அச்சுப் பதிப்பை நிறுத்துவதாக 2012இல் அறிவித்தது. எனினும் உரிமைக்காலம் முடிந்த அதன் 1911ஆம் ஆண்டுப் பதிப்பு இணையத்தில் உலவுகிறது. அதனை ஆண்டு குறிக்காமல் எடுத்து இட்டுக்கொள்ளும் தளங்களும் உண்டு. 1972இல் பிறந்த இடுக்கி மாவட்டத்தை அப்பதிப்பு எங்ஙனம் அறியும்? முதல் உலகப்போர்க் காலத்தையொட்டி ஜெர்மானியத் தோட்டக்காரர் ஒருவர் குவாத்தமாலாவுக்குக் கொண்டு சென்ற ஏலச்செடி, பின்னாளில் இந்தியாவையே விளைச்சலில் முந்தியதையும் அது அறியாது.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை, யாரும் எழுதலாம் என்பதற்காக ஆலிம்களில் சிலர் ஒதுக்குவர். நான் ஒதுக்கேன். புனைபெயரில் எழுதுவோரை ஹதீஸ் கலையார் ‘மஜ்ஹூல்’, அதாவது இன்னாரென அறியப்படாதவர், என்றிருப்பர்; உண்மையே. ஆயினும் எந்நாளில் எச்சொல் மாற்றப்பட்டது என்பதை ‘வரலாறு’ எனும் பகுதி காட்டிக் கொடுக்கிறது. எழுதியவரை விட்டு அடிக்குறிப்பைப் பிடித்தால் ஸனது கிடைக்கும். அடிக்குறிப்பு இல்லாத வரியைக் கட்டுரையில் சேர்க்காதே என்றேன். இஸ்லாமிய வரலாற்றுக்கு லெய்டன் நகரத்துக் கலைக்களஞ்சியம் சிறந்தது. கட்டுரைதோறும் ஆசிரியர் பெயர் உண்டு. ஆனால் அதனை முழுமையாகப் படிக்கக் கட்டணம் வேண்டும். துருக்கியர் 1988 முதல் 2013 வரை 44 தொகுதிகளாக வெளியிட்டதோ இணையத்தில் இலவசம். மொழி அறியாதார்க்கும் அதன் நூற்பட்டியல் பயன்படும்.

ஒன்று மட்டும் எக்களஞ்சியத்திலும் கிடைக்கவில்லை. அம்மாணவியின் பாட்டனார் போடிமெட்டு மலைத் தோட்டங்களில் ஏலமூட்டை சுமந்தவர். அவர் கண்டதை விக்கிப்பீடியாவில் சேர்க்க வழியில்லை. வெளியான சான்று கேட்பது அதன் விதி. நம் முன்னோர் கண்டவர் வாய்மொழியை ஏற்றனர். ஆனால் பெயருடன் ஏற்றனர். ஆதலின் சொன்னவர் பெயர், இடம், நாள் குறித்து எழுதி, முதலில் ஏதேனும் ஓர் இதழில் அச்சேற்றச் சொன்னேன்.

இதுவரை பதினேழு பக்கம் எழுதியிருக்கிறாள். சுமைகூலி எவ்வளவு என்பதில் மட்டும் முதியவர் நேற்றொன்றும் இன்றொன்றும் சொல்கிறாராம். இரண்டையும் எழுதி வை என்றேன்.