பேட்மேனின் முதல் ஜோக்கருக்கும் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸுக்கும் என்ன தொடர்பு? யார் இந்த சீசர் ரொமேரோ?

ஜோக்கர் என்றதும் ஹீத் லெட்ஜரும் வாக்கீன் ஃபீனிக்ஸும்தான் இன்றைய ரசிகர்களுக்கு நினைவுக்கு வருவார்கள். ஆனால் அந்த வேடத்தைத் திரையில் முதன்முதலாகப் போட்ட நடிகர், சேலத்துக் கம்பெனி ஒன்றின் படத்திலும் நடித்திருக்கிறார். ஏற்காடு மலை ஏறுகிறவர்கள் அந்தக் கம்பெனியின் வாசலைத் தாண்டித்தான் போகிறார்கள். அவர் பெயர் சீசர் ரொமேரோ.

யார் இவர்?

1907 பிப்ரவரி 15 அன்று நியூயார்க்கில், கியூபாவிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர் ரொமேரோ. நடனக் கலைஞராகத் தொடங்கி, மேடை நாடகம் வழியாக 1930-களில் சினிமாவுக்கு வந்தார். நல்ல உயரம், வாரிய முடி, கூடவே அந்த மீசை. பார்த்தால் ஹீரோதான். ஆனால் ஹாலிவுட் அவருக்குக் கொடுத்தது பெரும்பாலும் ஹீரோவுக்குப் பக்கத்து நாற்காலியை.

அதில் அவர் சளைக்கவில்லை. 1937-ல் வெளிவந்த 'வீ வில்லி விங்கி' படத்தில் வடமேற்கு எல்லைப்புறத்துக் கலகத் தலைவன், 1939 முதல் 1941 வரை 'சிஸ்கோ கிட்' வரிசைப் படங்களில் குதிரை வீரன், 1947-ல் 'கேப்டன் ஃப்ரம் காஸ்டீல்' படத்தில் மெக்சிகோவைப் பிடித்த ஸ்பெயின் தளபதி கோர்ட்டெஸ் என்று வேடங்கள் மாறிக்கொண்டே இருந்தன. நடுவில் இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடலோரக் காவல்படையிலும் பணியாற்றினார்.

சேலம் படத்துக்கு எப்படி வந்தார்?

1950-களின் தொடக்கத்தில் ஹாலிவுட்டின் பெரிய ஸ்டுடியோக்கள் நடிகர்களை ஒப்பந்தச் சம்பளத்தில் வைத்திருக்கும் முறை ஆட்டம் காணத் தொடங்கியது. வீடுவீடாகத் தொலைக்காட்சி வந்துவிட்டது. 40 வயதைத் தாண்டிய ரொமேரோ இனி கிடைக்கிற வாய்ப்பை வைத்துப் பிழைக்க வேண்டிய கட்டம்.

அப்போது வந்ததுதான் 'தி ஜங்கிள்'. குறைந்த செலவில் படம் எடுக்கும் லிப்பர்ட் நிறுவனத்துடன் கைகோத்தது டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ். வில்லியம் பெர்க் இயக்கத்தில், இந்தியாவில் படமாக்கப்பட்டு 1952-ல் வெளியானது. தமிழில் பெயர் 'காடு'.

கதை இதுதான்: காட்டு யானைகள் ஊர்களுக்குள் புகுந்து துவம்சம் செய்கின்றன. காரணம் தேடிக் காட்டுக்குள் போகிறது ஒரு குழு. அங்கே இருப்பவை, அழிந்துவிட்டதாக நினைத்த சடை யானைகளான மாமத்துகள்! கிராபிக்ஸ் இல்லாத காலம். நிஜ யானைகளுக்கே ரோமப் போர்வை போர்த்தி மாமத் ஆக்கிவிட்டார்கள். இந்திய அறிவியல் புனைவுப் படங்களின் பட்டியலில் இதற்கு முன்வரிசையில் இடம் உண்டு.

ராட் கேமரூன் ஹீரோ, மேரி வின்ட்சர் இளவரசி. ரொமேரோவுக்கு ராமா சிங் என்ற இந்தியர் வேடம்.

அதே படத்தில் நம்பியார்

இந்தப் படத்தில் நம்ம எம்.என்.நம்பியாரும் இருக்கிறார். இதற்கு 2 ஆண்டுகள் முன்பு, அதே மாடர்ன் தியேட்டர்ஸின் 'திகம்பர சாமியார்' படத்தில் 11 வேடங்கள் போட்டு அசத்தியவர் அவர். அமெரிக்காவின் வருங்கால ஜோக்கரும் தமிழின் வருங்கால நிரந்தர வில்லனும் ஒரே படத்தில்! இருவருக்கும் இன்னொரு ஒற்றுமையும் உண்டு. திரையில் எவ்வளவு கெட்டவரோ, வெளியே அவ்வளவு நல்ல பெயர்.

ஜோக்கர் ஆனது எப்போது?

'காடு' படத்துக்குப் பிறகு ரொமேரோவுக்குக் கைகொடுத்தது தொலைக்காட்சி. 1950-களில் 'பாஸ்போர்ட் டு டேஞ்சர்' தொடரில் அரசின் ரகசியத் தபால்களைக் கொண்டுபோகும் தூதராக வந்தார். அடுத்து டிஸ்னியின் 'ஸோரோ' தொடரில் சில எபிசோடுகள். பிறகு 1966-ல் 'பேட்மேன்'. வயது 60-ஐ நெருங்கியிருந்தது.

ஜோக்கருக்கு மீசை கிடையாது. ஆனால் மீசையை மட்டும் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார் மனுஷன். வேறு வழியில்லாமல் மீசை மேலேயே வெள்ளை பெயின்ட்டைப் பூசினார்கள். பழைய எபிசோடுகளை உற்றுப் பார்த்தால் மீசை இன்றும் தெரியும். பச்சை முடியும் அந்தக் கெக்கெக்கே சிரிப்புமாக, 1968-ல் தொடர் முடியும் வரை வந்து போனார்.

1980-களில் 'ஃபால்கன் க்ரெஸ்ட்' தொடரில் கிரேக்கக் கோடீஸ்வரராக நடித்தார். 80 வயதைத் தாண்டிய பிறகும் 1990-ல் 'தி கோல்டன் கேர்ள்ஸ்' தொடரில் தலைகாட்டினார். 1994 ஜனவரி 1 அன்று காலமானார்.

ஏன் இது முக்கியம்?

ரொமேரோ பெரிய நட்சத்திரம் ஆகவில்லை. ஆனால் அவர் காலத்து நட்சத்திரங்கள் பலர் வீட்டில் உட்கார்ந்த பிறகும் அவருக்கு ஷூட்டிங் இருந்தது. இது குணச்சித்திர நடிகர்களுக்கே உள்ள வசதி. வயதானால் ஹீரோவுக்கு வேடம் குறையும். இவர்களுக்கு வேடம் மாறும், அவ்வளவுதான். 'காடு' போன்ற சின்னப் படத்தையும் ஒதுக்காமல் ஏற்ற பழக்கம்தான் கடைசிவரை சோறு போட்டது.

மாடர்ன் தியேட்டர்ஸின் கதை வேறு மாதிரி முடிந்தது. 1935-ல் தொடங்கி, 'பாலன்' மூலம் மலையாளத்தின் முதல் பேசும் படத்தையும், 'அலிபாபாவும் 40 திருடர்களும்' மூலம் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படத்தையும் கொடுத்த கம்பெனி அது. 1963-ல் டி.ஆர்.சுந்தரம் மறைந்தார். பின்னாளில் ஸ்டுடியோவும் இல்லாமல் போனது.

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில், சேர்வராயன் மலை அடிவாரத்தில் அதன் நுழைவு வளைவு மட்டும் இன்னும் நிற்கிறது. அடுத்த முறை கொண்டை ஊசி வளைவுகளைத் தேடி வண்டியை விரட்டும்போது, அங்கே ஒரு நிமிஷம் நிறுத்திப் பாருங்கள்.