சோதனைக் காலத்து மேய்ப்பர்: போன்ஹோபரும் ஜெர்மானிய வாலிபரும்

ஒரு தேசத்தின்மீது துன்பம் கவியுங்காலத்தில், முதியோர் தம் பழைய நினைவுகளைப் பற்றிக்கொண்டு எப்படியோ நாட்களைக் கழித்துவிடுகின்றனர்; பற்றிக்கொள்ள நினைவும் இன்றி, எதிர்நோக்க உத்தியோகமும் இன்றித் திகைத்து நிற்பவர் வாலிபரே. 1918-இல் போரில் தோற்று, 1923-இல் நாணயத்தின் மதிப்பு அடியோடு வீழ்ந்து, 1932-இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 60 லட்சம் பேர் வேலையற்றுத் தவித்த ஜெர்மனியில் அவ்வாறு நின்ற ஒரு தலைமுறை, தன்னைக் கைப்பிடித்து நடத்த ஒரு தலைவன் தோன்றமாட்டானா என்று ஏங்கிற்று. அந்த ஏக்கம் எங்கே சென்று முடிந்தது என்பதைச் சரித்திரம் அறியும். அதே ஏக்கத்துக்கு வேறொரு விடையைத் தம் வாழ்வினால் அளிக்க முற்பட்டவர் லுத்தரன் போதகராகிய தீத்ரிக் போன்ஹோபர். அவரை இரத்தசாட்சி என்று போற்றுவது தகும். ஆயினும் அவருடைய மரணத்தைப் பேசும் அளவுக்கு, அவர் வாலிபரோடு பழகிய விதத்தை நாம் பேசுவதில்லை. வாலிபர் ஊழியத்தில் ஈடுபட்டோருக்கு மிகுதியும் பயன்படுவது இப்பின்னதே என்பது என் துணிபு.

1906-இல் பிறந்து, பெர்லின் சர்வகலாசாலையில் மனநோய் மருத்துவப் பேராசிரியராய் விளங்கிய தந்தையின் நிழலில் சகல வசதிகளோடும் வளர்ந்து, இருபத்தொன்றாம் வயதிலேயே வேதசாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்ற அவருக்கு, ஏழைப் பிள்ளைகளின் உலகம் அந்நியமாகவே இருந்திருக்கக் கூடும். நியூயார்க்கில் மேற்படிப்புக்காகத் தங்கிய 1930-31-ஆம் ஆண்டில், ஹார்லெம் பகுதியில் கறுப்பின மக்களின் திருச்சபையொன்றில் ஞாயிறு பள்ளி ஆசிரியராக அவர் பணியாற்றியதே அவ்வுலகின் வாயிலை அவருக்குத் திறந்தது எனலாம். ஒடுக்கப்பட்டோரின் ஆராதனையில் தாம் கண்ட உயிர்ப்பை அவர் ஒருநாளும் மறந்தாரில்லை.

ஜெர்மனிக்குத் திரும்பிக் குருப்பட்டம் பெற்ற அவரிடம், வட பெர்லினில் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த சீயோன் ஆலயத்துச் சபையில், திடப்படுத்தலுக்கு ஆயத்தமாகும் சுமார் 50 பையன்கள் கொண்ட வகுப்பு ஒப்படைக்கப்பட்டது. முன்பிருந்த முதிய போதகரால் அடக்க முடியாத வகுப்பு அது. அவர் புதிய ஆசிரியரை அழைத்துக்கொண்டு படியேறி வருகையில், மேல்மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்த பிள்ளைகள் குப்பைகளை அவர்கள் தலைமேல் எறிந்தனர். உள்ளே சென்றதும் புதியவரின் பெயரின் முற்பாதியையே கோஷமாக்கிக் கூச்சலிட்டனர். முதியவர் மனமுடைந்து வெளியேறினார். போன்ஹோபரோ அதட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. சுவரில் சாய்ந்து சற்றுநேரம் மௌனமாய் நின்றபின், முன்வரிசைப் பிள்ளைகளுக்கு மட்டுமே கேட்கும் தாழ்ந்த குரலில் ஹார்லெம் சிறுவர்களின் கதையைச் சொல்லத் தொடங்கினார். கேட்க வேண்டும் என்ற ஆவலால் பின்வரிசையும் அடங்கிற்று.

இதை ஒரு சாமர்த்தியம் என்று கருதி அவ்வளவில் நிறுத்திக்கொள்வோர் உண்மையை அறியார். ஏனெனில் அதன்பின் அவர் செய்ததே பெரிது. தம் பெற்றோரின் விசாலமான இல்லத்தை விட்டு, அப்பிள்ளைகள் வசித்த வட்டாரத்திலேயே ஓர் அறையை வாடகைக்கு அமர்த்தி, தாம் இல்லாதபோதும் அவர்களை உள்ளே விடும்படி வீட்டுக்காரரிடம் சொல்லிவைத்தார். மாலைவேளைகளில் முன்னறிவிப்பின்றி வந்த பிள்ளைகளுக்குச் சதுரங்கமும் ஆங்கிலமும் கற்பித்தார். கால் துண்டிக்கப்படும் நிலையில் மருத்துவமனையில் கிடந்த ஒரு பையனை வாரந்தோறும் இரண்டு மூன்று முறை சென்று கண்டார். திடப்படுத்தல் ஆராதனைக்கு நல்ல உடை இல்லாதோர் பலர் என அறிந்து, துணி வாங்கித் தைக்கச் செய்தார். 1932 மார்ச்சில் நடந்த அந்த ஆராதனையில், விடியுமட்டும் தேவதூதனோடு போராடிய யாக்கோபைப் பொருளாகக் கொண்டு பேசிய அவர், இந்தப் பிள்ளைகளைக் காலக்கொடுமை சொல்லி அச்சுறுத்தப் பலர் உண்டு என்பதை உணர்ந்தவராய், அவர்களுக்கும் ஒரு விடியலைத் தேவன் ஆயத்தம் பண்ணியிருக்கிறார் என்னும் விசுவாசத்தை எவரும் பறிக்க இடங்கொடாதிருக்கும்படி தேற்றினார். பின்பு அவர்களுள் சிலரை ஹார்ஸ் மலைப்பகுதியிலிருந்த தம் குடும்பத்து விடுமுறை இல்லத்துக்கும் அழைத்துச் சென்றார். பட்டினத்துப் புகையன்றி வேறறியாத பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு சுவிசேஷமே.

இவ்வாறு பிள்ளைகளின் மாடிப்படி ஏறியிறங்கியவராகலின், தலைமையைக் குறித்துப் பேசும் உரிமை அவருக்கு இருந்தது. 1933 ஜனவரி 30-ஆம் நாள் ஹிட்லர் பிரதம மந்திரிப் பதவி ஏற்றான். இரண்டே நாள் கழித்து, பிப்ரவரி 1-ஆம் நாள், இளந்தலைமுறை தலைவனைப் பற்றிக் கொண்டுள்ள எண்ணத்தைக் குறித்து போன்ஹோபர் பெர்லின் வானொலியில் உரையாற்றினார். தன்னைத் தெய்வமாக்க விழையும் கூட்டத்துக்கு இணங்கிவிடுகிற தலைவன் அக்கூட்டத்தைக் கெடுக்கிறான் என்பதும், மெய்யான தலைவனோ தன் அதிகாரத்தின் எல்லையைத் தானே வெளிப்படையாய்க் காட்டி, பின்பற்றுவோரைத் தன்னிடத்திலிருந்து விடுவித்து, தாமே பொறுப்பேற்கும் மனிதராக அவர்களை முதிரச் செய்கிறான் என்பதும் அவ்வுரையின் சாரம். உரை முடியுமுன் ஒலிபரப்பு துண்டிக்கப்பட்டது. தம் கருத்து அரைகுறையாய்ச் சென்று திரிந்துபோகலாகாதே என்று கவன்ற அவர், முழு உரையையும் பிரதியெடுத்து நண்பர்களுக்கு அனுப்பினார்.

திருச்சபைக்குள்ளேயே அவ்வுரையின் தேவை எத்துணை அவசரமானது என்பதை அவ்வாண்டின் இறுதி காட்டிற்று. அரசின் ஆதரவில் ராஜ்ய பிஷப் ஆகிய லூத்விக் ம்யூலர், 1933 டிசம்பரில், பல லட்சம் அங்கத்தினர் கொண்ட சுவிசேஷ வாலிபர் சங்கங்களை ஹிட்லர் இளைஞர் படையின்கீழ் ஒப்படைத்துவிட்டார். மந்தையை மேய்க்க வைக்கப்பட்டவரே அதைக் கைமாற்றிக் கொடுத்த இச்செயலைப் போல வருத்தம் தருவது அக்காலச் சபைச் சரித்திரத்தில் அதிகமில்லை. வாலிபர் கூட்டம் பெருகியிருந்தால் போதும், யார் கொடியின்கீழ் நின்றால் என்ன என்று எண்ணும் சபை எந்நாட்டிலும் இவ்விதமே முடியும். போன்ஹோபரோ, வாலிபருக்குச் சபையில் தனிச் சலுகை தருவதையும் விரும்பினாரில்லை. வசனத்தைக் கேட்டலும் கற்றலும் அதன்படி நடத்தலுமே மற்றெல்லாருக்கும் போல அவர்களுக்கும் உரிய ஊழியம் என்று அவர் எழுதியது, வாலிபரை முகஸ்துதி செய்து சேர்ப்போருக்குக் கசப்பாகவே இருந்திருக்கும்.

1934-இல் காந்தியடிகளின் ஆசிரமத்தில் தங்கி, அஹிம்சா எதிர்ப்பையும் கூட்டு வாழ்வையும் கற்க அவர் பெரிதும் விழைந்தார். அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் தேதியிட்ட கடிதத்தில் காந்தியடிகள் அவரை வரவேற்றுமிருந்தார். ஆனால் அரசுக்கு அடிபணியாத விசுவாச அறிக்கைச் சபையார், தம் இளம் போதகரைப் பயிற்றுவிக்கும்படி அவரை அழைத்தமையால், இந்தியப் பயணம் நிகழவில்லை. 1935 ஏப்ரலில் பால்டிக் கடற்கரையில் தொடங்கி, பின் ஸ்டெட்டின் நகருக்கருகே ஃபின்கன்வால்டே என்னுமிடத்தில் நிலைபெற்ற அப்பயிற்சிசாலையில், காலையும் மாலையும் பொது ஜெபம், அரைமணி நேர மௌன தியானம், இவற்றோடு இசையும் விளையாட்டும் இருந்தன. தியானத்தைக் குறித்து மாணவர் முணுமுணுத்ததும் உண்டு. ஒருவர் இல்லாதபோது அவரைப் பற்றிப் பேசலாகாது என்பது அங்கு விதி. சபைகளிலும் சங்கங்களிலும் இவ்வொரு விதியைக் கைக்கொண்டால் நம் பிளவுகளுள் பல தோன்றா. தொடக்க நாட்களில், பாத்திரம் துலக்க ஆள் வேண்டுமென்று சமையலறையிலிருந்து அழைப்பு வந்தபோது, எவரும் எழவில்லை. போன்ஹோபர் ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே சென்று, வெட்கித் தொடர்ந்து ஓடிவந்த மாணவரை உள்ளே விடாமல், தாமே அவ்வேலையைச் செய்தார். சீஷருடைய கால்களைக் கழுவிய ஆண்டவரைப் பற்றி எழுந்த வியாக்கியானங்களுள் இதற்கு ஈடானவை சிலவே.

அரசாங்கம் 1937-இல் பயிற்சிசாலையை மூடி முத்திரையிட்டது. அவ்வாண்டின் முடிவுக்குள் அவருடைய பழைய மாணவர் 27 பேர் கைதாயினர். பின்பு போர்முனைக்கு அனுப்பப்பட்டோர்க்கெல்லாம் அவர் சுற்றுக் கடிதங்கள் வரைந்து, மாண்டோரின் பெயர்களை அறிவித்து, எஞ்சினோரைத் தியானத்தில் நிலைத்திருக்க ஊக்கினார். 1939-இல் அமெரிக்காவில் பாதுகாப்பாகத் தங்க வாய்த்தும், தம் மக்களின் துன்பத்தில் பங்குகொள்ளாதவன் பின்னர் அவர்களைக் கட்டியெழுப்ப அருகனாகான் எனக் கருதிச் சில வாரங்களில் திரும்பினார். ஹிட்லருக்கு எதிரான இரகசிய முயற்சியில் அவர் பங்குகொண்டதும், 1943 ஏப்ரல் 5-இல் கைதானதும், 1945 ஏப்ரல் 9-இல், 39-ஆம் வயதில், ஃப்ளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டதும் பலரும் அறிந்தவை.

ஃபின்கன்வால்டே வாழ்வின் பாடங்களை அவர் 1938-இன் இலையுதிர் காலத்தில் 'ஒன்றாய் வாழ்தல்' எனப் பொருள்படும் தலைப்புடைய சிறு நூலாக எழுதினார். யூத மரபினரான கணவரோடு தேசத்தை விட்டு ஓட நேர்ந்த தம் இரட்டைச் சகோதரியின் காலியான வீட்டில் அமர்ந்து எழுதிய நூல் அது. வாலிபர் சங்கங்களை நடத்தும் அன்பர்கள், கூட்டங்களும் மாநாடுகளும் திட்டமிடுமுன், தம் உடனூழியர் சிலரோடு வட்டமாய் அமர்ந்து அந்நூலை ஆற அமர வாசிக்கும்படி அன்புடன் வேண்டுகிறேன்.