‘பண்ணு’ என்னும் வாயில்: ஆங்கில வினைகள் தமிழ்த் தொடருள் புகுந்த வரலாறு

மைசூர் நகரின் வடமேற்கே, தொழிற்பேட்டையாக வளர்ந்த ஹெப்பாள் பகுதியில் இன்போசிஸ் நிறுவனத்தின் பயிற்சி வளாகம் அமைந்துள்ளது. அங்குள்ள பயிற்சி மையம் 2005இல் தொடங்கி 2009இல் விரிவாக்கம் பெற்றது. பொறியியல் கல்வி முடித்த இளைஞர் பல மாநிலங்களிலிருந்தும் வந்து தங்கிப் பயிலும் இடம் அது. ‘டிபக்’, ‘கம்பைல்’, ‘டிப்ளாய்’, ‘லாகின்’ என்னும் சொற்கள் அத்தொழிலின் அன்றாடச் சொற்கள். இவை யாவும் செயலைக் குறிப்பவை. இவற்றைத் தமிழர் ‘பண்ணு’ என்பதோடும், கன்னடர் ‘மாடு’ என்பதோடும், தெலுங்கர் ‘சேயு’ என்பதோடும், மலையாளிகள் ‘செய்யுக’ என்பதோடும், இந்தி பேசுவோர் ‘கர்’ என்பதோடும் சேர்த்துக் கூறுவர். ஆங்கிலச் சொல் ஒன்றே. அதைத் தாங்கி நிற்கும் தாய்மொழி வினைதான் வேறு.

இந்நிகழ்வை முறையாக ஆராய்ந்த தொடக்ககால ஆய்வுகளுள் ஒன்று அதே நகரத்தில் தோன்றியது என்பது கருதத்தக்கது. ஹெப்பாளிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், மானசகங்கோத்ரியில், இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் உள்ளது. 1969இல் தோன்றிய இந்நிறுவனத்தில் பணியாற்றிப் பின்னர் அதன் இயக்குநராகவும் விளங்கியவர் இ. அண்ணாமலை. இந்திய மொழிகளில் ஆங்கிலம் கலத்தலைப் பற்றி 1978இல் அவர் எழுதிய கட்டுரை, இக்கலப்பு மனம் போன போக்கில் நிகழ்வதன்று, விதிகளுக்கு உட்பட்டது என்னும் கருத்தை நிலைநாட்டியது. கலப்பை மொழிச் சீர்கேடாக மட்டுமே நோக்கிய அக்காலச் சூழலில் இது துணிவான நிலைப்பாடு. ஆயினும் அவ்வாய்வு சமகால வழக்கை நோக்கியது. அவ்வழக்கு எவ்வழியாக வந்தது என்னும் வரலாற்றுக் கேள்வி எஞ்சி நிற்கிறது. தமிழ் பிறமொழி வினைகளை ஏற்ற வாயில்கள் எத்தனை, அவற்றுள் ஒன்று ஆங்கிலத்திற்கு ஏன் திறக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இரண்டு வாயில்கள்

வடமொழிச் செயற்சொற்கள் தமிழில் இரு வகையாக வந்தன. ஒன்று, சொல்லின் ஈற்றில் இகரம் பெற்றுத் தமிழ் வினைப்பகுதியாகவே மாறும் முறை. தியானம் ‘தியானி’ ஆயிற்று. யோசனை ‘யோசி’ ஆயிற்று. அனுபவம் ‘அனுபவி’ ஆயிற்று. இப்பகுதிகள் ‘தியானித்தான், தியானிக்கிறான், தியானிப்பான்’ என்று மூன்று காலமும் ஏற்று, எச்சமும் எதிர்மறையும் பெற்று, தமிழ் வினைகளைப் போலவே நடக்கின்றன. மற்றொன்று, பெயரைப் பெயராகவே வைத்து அதன்பின் ‘பண்ணு’ அல்லது ‘செய்’ சேர்க்கும் முறை.

வைணவ உரையாசிரியர்களின் மணிப்பிரவாள நடையில் இவ்விரு வாயில்களும் ஒருங்கே திறந்திருந்தன. ‘அநுஸந்திக்கை’ என இகர வழியில் வந்த சொல்லும், ‘பிரபத்தி பண்ணுகை’ எனப் பெயர் வழியில் வந்த தொடரும் அந்நடையில் இயல்பாகக் கலந்து வழங்குகின்றன. எனவே, ‘பண்ணு’ சேர்த்துப் பேசுவது ஆங்கிலம் கற்றுத்தந்த வழக்கம் என்பாரின் கூற்றுப் பொருந்தாது. ஆங்கிலேயர் வருகைக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அவ்விடம் தமிழில் ஆயத்தமாக இருந்தது. ‘ஆயத்தம்’ என்பதே அவ்வினையின் தொல்பொருள்களுள் ஒன்று. தேரையும் யானையையும் புறப்பாட்டிற்கு ஒப்பனை செய்தலும், யாழைச் சுருதி கூட்டுதலும் ‘பண்ணுதல்’ எனப்பட்டன.

இலக்கண நூலாரும் வடமொழி வினைகளைப் பற்றிச் சிந்தித்தனர். 11ஆம் நூற்றாண்டினதாகிய வீரசோழியம் தாதுவுக்கெனத் தனிப் படலமே வகுத்தது. கன்னடத்தில் 13ஆம் நூற்றாண்டில் கேசிராசர் இயற்றிய சப்தமணிதர்ப்பணமும் தாதுவுக்கு ஓர் இயலை ஒதுக்கியது. கன்னடம் ‘யோசிஸு’ என்றும், மலையாளம் ‘சிந்திக்குக’ என்றும், தெலுங்கு ‘ஆலோசிஞ்சு’ என்றும் தத்தம் விகுதி கொடுத்து வடசொல்லை வினையாக்கின. இம்மொழிகள் நான்கும் வடமொழிக்குத் திறந்த அவ்வாயிலை ஆங்கிலத்திற்குப் பொதுவாகத் திறக்கவில்லை. தமிழில் மட்டும் நிகழ்ந்த தற்செயல் என இதனைக் கொள்ள இயலாது.

அரபு, பாரசீகச் சொற்கள் இடைக்கால ஆட்சிமொழி வழியாக வந்தபோதே முதல் வாயில் பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. ‘ரத்து செய்’, ‘ஜப்தி செய்’, ‘தாக்கல் செய்’, ‘சிபாரிசு செய்’, ‘ராஜினாமா செய்’ என்றே அவை வழங்குகின்றன. ‘ரத்தித்தான்’ என்பார் இல்லை. ஆனால் ஒரு சொல் தப்பி உள்ளே வந்தது. ‘வசூல்’ என்பது ‘வசூலி’ ஆயிற்று. ‘கட்டணம் வசூலிக்கப்படும்’ என்று எழுதும் எவரும் அதனை அயலாக உணர்வதில்லை. வாயில் அடைபட்டதேயன்றிப் பூட்டப்படவில்லை என்பதற்கு இவ்வொரு சொல்லே சான்று.

ஆங்கிலம் வந்த முறை

ஆங்கிலச் சொற்கள் நீதிமன்றம், கச்சேரி, கல்வி, இருப்புப்பாதை ஆகியவற்றின் வழியே 19ஆம் நூற்றாண்டில் பெருகின. ‘அப்பீல்’, ‘ரிப்போர்ட்’, ‘பைல்’, ‘ரிஜிஸ்டர்’, ‘பாஸ்’ என்பன அவற்றுட் சில. இவை ஆங்கிலத்தில் பெயராகவும் வினையாகவும் நிற்கும் சொற்கள் என்பது கவனிக்கத்தக்கது. ‘அப்பீல் செய்தான்’ என்னும்போது ‘அப்பீல்’ பெயரா வினையா என்று தமிழர் ஆராய வேண்டியிருக்கவில்லை; ‘சிபாரிசு செய்’ என்பதன் வார்ப்பிலேயே அது அமைந்தது. இத்தகைய இருநிலைச் சொற்களே பாலமாக நின்று, பின்னர்த் தூய வினைகளுக்கும் வழிவிட்டன எனக் கருத இடமுண்டு.

புதுமை இங்கேதான் உள்ளது. வடமொழியிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் ‘பண்ணு’ பெரும்பாலும் பெயரையே ஏற்றது. ஆங்கிலத்திலிருந்தோ வினையடியையே ஏற்றது. ‘பிரிப்பரேஷன் பண்ணினான்’ என்பதைவிடப் ‘பிரிப்பேர் பண்ணினான்’ என்பதே பெருவழக்கு. அவ்வாறே ‘செலக்ட்’, ‘அட்ஜஸ்ட்’, ‘டிஸ்கஸ்’ என வரும். காலம் காட்டும் ஆங்கில ஈறுகளைத் தமிழ் ஏற்பதில்லை. இறந்தகாலத்தை ‘பண்ணினான்’ என்பதே காட்டும். ‘ரிடையர்டு ஆனார்’, ‘டயர்டாக இருக்கிறது’ போன்றவற்றில் ஈறு உள்ளதே எனின், அங்கு அச்சொல் வினையாக வரவில்லை, பண்பு குறித்து வந்தது என்க.

ஏன் வினையடி? 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குவளாலபுரமாகிய கோலாரைத் தம் குலத்தூராகக் கூறிக்கொண்ட கங்க மரபின் சீயகங்கன் வேண்ட, பவணந்தியார் நன்னூலை இயற்றினார். வினைப்பகுதிகளுக்கு அவர் காட்டிய 23 வாய்பாட்டுச் சொற்களும் ஏவல் வடிவிலேயே உள்ளன. தமிழில் பகுதியும் முன்னிலை ஒருமை ஏவலும் ஒரே உருவின. ஆங்கிலத்திலும் அவ்வாறே. ஆகவே தமிழர் செவியில் விழும் ஆங்கில ஏவல், அம்மொழியின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கலாம்.

அந்த 23 சொற்களுள் ஒன்றேனும் வல்லின மெய்யில் முடிவதில்லை. ‘ஸ்டார்ட்’, ‘செக்’, ‘டிராப்’ போன்றவை தமிழ்ப் பகுதியாக நிற்க இயலாமைக்கு இதனைக் காரணமாகக் காட்டலாம். ஆனால் அக்காரணம் போதாது. ‘கேன்சல்’ என்பது லகரத்தில் முடிகிறது. ‘செல்’ என்பது நன்னூலார் காட்டிய வாய்பாடுகளுள் ஒன்று. செல் ‘சென்றான்’ ஆவது போலக் கேன்சல் ‘கேன்சன்றான்’ ஆகியிருக்க வேண்டும், ஆகவில்லை. ஆகியிருந்தால் எவருக்கும் விளங்கியிருக்காது. உண்மைக் காரணம் இதுவே எனத் தோன்றுகிறது. இருமொழி பேசுவோர் தாம் எடுத்தாளும் ஆங்கிலச் சொல் உருக்குலையாமல் நிற்க வேண்டும் என விரும்புகின்றனர். புணர்ச்சியும் காலமும் பாலும் எதிர்மறையும் ஆகிய திரிபுகள் அனைத்தையும் ‘பண்ணு’ தன்மேல் ஏற்றுக்கொள்ள, ஆங்கிலச் சொல் அலுங்காமல் இருக்கிறது. ‘யோசி’ பிறந்த காலத்தில் ‘யோசனை’ என்னும் பெயரும் உடன் வழங்கியது; வினை திரிந்தாலும் பெயர் துணைநின்று பொருளை உணர்த்தியது. தூய ஆங்கில வினைகள் பலவற்றிற்கு அத்தகைய துணை தமிழில் இல்லை.

தொடரின் ஆட்சி

சொல் ஆங்கிலமாயினும் தொடர் எம்மொழிக்கு உரியது? பெரும்பான்மை தமிழுக்கே உரியது. ஆங்கிலத்தில் ‘ஸ்டார்ட்’ என்னும் ஒரே வடிவம் வண்டியைக் கிளப்புதலையும் வண்டி கிளம்புதலையும் குறிக்கும். தமிழர் ‘வண்டியை ஸ்டார்ட் பண்ணினான்’ என்றும், ‘வண்டி ஸ்டார்ட் ஆயிற்று’ என்றும் பிரித்தே கூறுவர். கிளப்பு, கிளம்பு என இரண்டாகக் காணும் தமிழ் மனம் ஆங்கிலச் சொல்லையும் இரண்டாக்கிவிடுகிறது. ‘ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனார்’, ‘வேலைக்குச் செலக்ட் ஆனான்’ என்பவற்றை ஆங்கிலத்தில் கூறச் செயப்பாட்டு வினை வேண்டும். தமிழில் ‘ஆகு’ என்பதே அப்பணியை முடிக்கிறது. ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்’ என்பதில் ‘கொள்’ தரும் பொருளோ ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லால் பெற இயலாதது.

வேற்றுமை உருபுகள் இன்னும் தெளிவான சான்று தருகின்றன. ஆங்கிலத்தில் ‘ஹெல்ப்’ நேர்ச் செயப்படுபொருளை ஏற்கும். தமிழிலோ ‘அவருக்கு ஹெல்ப் பண்ணினேன்’ என நான்காம் வேற்றுமையே வரும். ஏனெனில் ‘உதவு’ அவ்வேற்றுமையை ஏற்பது. ‘கேள்விக்கு ஆன்சர் பண்ணினான்’ என்பதும் ‘கேள்விக்கு விடை சொன்னான்’ என்பதன் வழியது. ‘அவரை மீட் பண்ணினேன்’ என்பதற்குச் ‘சந்தி’ உருபு தந்தது. ஆயின் எங்கும் இவ்வாறு எனல் ஆகாது. தமிழில் கூட்டத்தில் கலந்துகொள்கிறோம். ஆனால் கூட்டத்தை ‘அட்டெண்ட்’ பண்ணுகிறோம். ‘உன்னை மிஸ் பண்ணுகிறேன்’ என்பது பிரிவின் ஏக்கத்தைக் குறித்து அண்மைக்காலத்தில் பரவிய தொடர். இதில் சொல்லோடு ஆங்கில வாக்கிய அமைப்பும் உடன் வந்துவிட்டது. பிரிவைப் பாட ஒரு திணையையே வகுத்த மொழியில் இது நிகழ்ந்தது என்பது சற்றே நகைப்பிற்குரியது.

‘பண்ணு’ மட்டுமே துணைவினை அன்று. தேர்வில் ‘காப்பி அடி’ப்பது குற்றம், சான்றிதழைக் ‘காப்பி எடு’ப்பது அலுவல், கணினியில் கோப்பைக் ‘காப்பி பண்ணு’வது தொழில்நுட்பம். (அடுக்களையில் ‘காப்பி போடு’வது வேறு சொல்.) ஒரே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் வினைகள் மூன்று பொருளாகப் பகுத்துவிட்டன. இப்பகுப்பு நிலத்திற்கு நிலம் மாறுபடும். ஈழ வழக்கில் ‘கோல் எடு’ என்பது பிறரைத் தொலைபேசியில் அழைத்தலைக் குறிக்கும். தமிழ்நாட்டில் ‘போனை எடு’ என்பது வந்த அழைப்பை ஏற்றலாகும்.

இழப்பும் மாற்றும்

தொடரமைப்பில் தமிழ் தன் ஆட்சியைப் பெரிதும் விட்டுக்கொடுக்கவில்லை. இழப்பு நிகழ்ந்தது சொற்களஞ்சியத்தில். ‘டிரை பண்ணு’ வந்த இடத்தில் ‘முயல்’ பின்வாங்கியது. ‘ஹெல்ப் பண்ணு’ வந்த இடத்தில் ‘உதவு’ ஒதுங்கியது. முயன்றான், முயல்வான், முயலாது எனத் திரிந்து வரும் வினைகள் நாவில் பழகாதொழியின், அத்திரிபுகளின் பயிற்சியும் குறையும். ‘பண்ணு’ என்னும் ஒரு வினையின் வாய்பாடு தெரிந்தாலே போதும் என்னும் நிலை வகுப்பறைக்குப் புதியதன்று.

1916இல் தோன்றிய தனித்தமிழ் இயக்கமும் அதன் வழிவந்த கலைச்சொல்லாக்கமும் தந்த மாற்றுகள் பல. எனினும் அவற்றுள் ஒரு பகுதி ஆங்கிலச் சொல் நின்ற இடத்தில் தமிழ்ப் பெயரை நிறுத்தியதோடு அமைந்தது. ‘சஸ்பெண்ட் செய்’ என்பது ‘பணியிடை நீக்கம் செய்’ ஆயிற்று. ‘டவுன்லோட் செய்’ என்பது ‘பதிவிறக்கம் செய்’ ஆயிற்று. சொல் மாறியது, கூடு மாறவில்லை. ‘பதிவிறக்கு’ என வினையாகவே நிறுத்தும் வழி இருந்தும் ‘பதிவிறக்கம் செய்’ எனப் பலரும் எழுதுவது, ‘செய்’ என்னும் கூட்டின் பிடி எவ்வளவு வலிது என்பதைக் காட்டுகிறது. இதற்கு மாறாக, மென்பொருள்களைத் தமிழாக்கிய தன்னார்வலர்கள் ‘திற’, ‘மூடு’, ‘சேமி’, ‘வெட்டு’, ‘ஒட்டு’ என்று கட்டளைச் சொற்களை அமைத்தனர். ஏவலே பகுதியாக நிற்கும் தமிழின் இயல்பு அங்குச் செவ்வனே பயன்பட்டது.

2000த்தை ஒட்டிய ஆண்டுகளில் வளர்ந்த இணையத் தமிழில், பாதி விளையாட்டாக, வேறொன்றும் நிகழ்ந்தது. ‘கூகிளித்தேன்’ என்றும் ‘டைப்பினேன்’ என்றும் சிலர் எழுதலாயினர். ‘வசூலி’க்குத் திறந்த வாயிலில் ஆங்கிலமும் காலெடுத்து வைத்தது. அச்சு வழக்கு இவற்றைப் பெரிதும் ஏற்கவில்லை. ஆயினும் இவற்றின் அமைப்பு நோக்கத்தக்கது. ளகர ஈற்றுச் சொல்லைக் ‘கேட்டேன்’ போலக் ‘கூகிட்டேன்’ எனத் திரிக்காமல், ‘யோசித்தேன்’ போல இகரம் கொடுத்துக் காத்தனர். வல்லின ஈற்றுச் சொல்லுக்கு உகரம் கொடுத்து, ‘தட்டினேன்’ என்பதன் வழியில் ‘டைப்பினேன்’ என்றனர்.