மிளகுக்குள் ஒளிந்திருக்கும் பைப்பரிடின் - அது என்ன?

சளி பிடிச்சா வீட்டில் மிளகு ரசம் வைப்பார்கள். ஒரு வாய் குடித்ததும் தொண்டை சுர்ருன்னு இருக்கும்.

அந்தக் காரத்துக்குக் காரணம் பைப்பரின் எனும் ஆல்கலாய்டு. தாவரங்களில் உருவாகும், நைட்ரஜன் கொண்ட ரசாயனங்களை அப்படி அழைக்கிறார்கள்.

பைப்பரினை உடைத்தால் கிடைப்பது பைப்பரிடின். 1850களில் அதை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள்.

மிளகின் லத்தீன் பெயரான 'பைப்பர்' என்பதிலிருந்து வந்த பெயர் அது. அந்தச் சொல்லின் வேர், திப்பிலியைக் குறிக்கும் சமஸ்கிருதச் சொல்லான 'பிப்பலி'.

எப்படி இருக்கும்?

- 5 கார்பன் அணுக்களும் 1 நைட்ரஜன் அணுவும் சேர்ந்த வளையம்
- நிறமற்ற திரவம். சுமார் 106 டிகிரி செல்சியஸில் கொதிக்கும்
- அமோனியா போன்ற நெடி அடிக்கும்
- எளிதில் தீப்பற்றும். பட்டால் தோலை அரித்துவிடும்

அப்படின்னா மிளகு ஆபத்தா?

இல்லை. மிளகில் அந்த வளையம் தனியாகத் திரிவதில்லை. பெரிய மூலக்கூறு ஒன்றோடு பிணைந்திருக்கிறது. அதனால் அரிக்கும் தன்மை அடங்கிவிடுகிறது.

எதுக்குப் பயன்படுகிறது?

பல மருந்துகளில் பைப்பரிடின் வளையம் உண்டு:

- ஒவ்வாமைக்கு எடுக்கும் லோரடடின்
- வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோப்பரமைட்
- மனநலச் சிகிச்சைக்குரிய ரிஸ்பெரிடோன்

ரப்பரைப் பதப்படுத்தவும், ஆய்வுக்கூடத்தில் புரதத் துண்டுகளை உருவாக்கவும் பைப்பரிடின் உதவுகிறது.

அதற்காக மூட்டை மூட்டையாக மிளகு வாங்குவதில்லை. பிரிடின் எனும் ரசாயனத்துடன் ஹைட்ரஜனைச் சேர்த்து ஆலைகளில் தயாரிக்கிறார்கள்.

இன்னொரு முகம்

கிரேக்கத் தத்துவஞானி சாக்ரட்டீஸுக்கு மரண தண்டனையாகக் கொடுக்கப்பட்டது ஹெம்லாக் செடியின் நஞ்சு. அதிலுள்ள கோனீன் எனும் நச்சுப்பொருளிலும் இதே வளையம்தான்.

ஃபென்டனிலிலும் அது உண்டு. மருத்துவமனையில் அது கடும் வலியைப் போக்கும் மருந்து. மார்ஃபினைவிடச் சுமார் 100 மடங்கு வீரியமானது. கள்ளச்சந்தையில் விற்கப்படும் ஃபென்டனிலால் அமெரிக்காவில் ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் மாண்டனர்.

போதைப்பொருள் தயாரிக்கப் பயன்படக்கூடும் என்பதால் 1988ஆம் ஆண்டின் ஐக்கிய நாட்டு ஒப்பந்தம் பைப்பரிடினையும் கண்காணிப்புப் பட்டியலில் வைத்திருக்கிறது.

வளையம் ஒன்றுதான். அதோடு என்ன சேர்கிறது, எவ்வளவு உடலுக்குள் போகிறது என்பதைப் பொறுத்தே அது ரசமா, மருந்தா, நஞ்சா என்பது முடிவாகும்.