தோட்டத் திடலில் பேஸ் கிட்டார்

நெகிரி செம்பிலான் தோட்டத் திருவிழாவுக்குத் திறந்த திடலில் மேடை போட்டால், முதலில் காணாமல் போவது பேஸ் கிட்டாரின் ஒலிதான். இளையராஜா பாடல்களில் பேஸ் தனி மெட்டாகவே ஓடும். அது கேட்காவிட்டால் பாட்டு பாதிதான்.

நான்கு கம்பிகளில் தடித்த 'இ' கம்பி விநாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. சாதாரண கிட்டாரைவிட ஒரு ஸ்தாயி கீழே. திடலில் இந்த ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவர் கிடையாது. அதனால் ஆம்ப்புக்குக் கூடுதல் வாட் வேண்டும். சாதாரண கிட்டார் ஆம்ப்பில் செருகி ஒலியைக் கூட்டினால் ஸ்பீக்கர் கிழியக்கூடும்.

டிஐ பெட்டி வழியாக, சப்வூஃபர் உள்ள மேடை ஒலிபெருக்கியில் இணைப்பதே சிக்கனம். பெடல் பிறகுதான். அதிலும் முதலில் கம்ப்ரசர்: ஓங்கி அடித்ததும் மெல்லத் தொட்டதும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கும். ஓவர்டிரைவ் பல நேரம் கீழ்ச்சுரத்தைக் கரைத்துவிடும்.