கம்பிவேலிக் காலத்துப் பேராக்

ஒரு நிலத்தைப் பிளப்பதற்கு வரைபடத்தில் எல்லைக்கோடு வரைய வேண்டும் என்பதில்லை. சாலையில் ஒரு தடுப்பு, கையில் ஓர் அட்டை, வீட்டைச் சுற்றி ஒரு கம்பிவேலி ஆகிய மூன்றும் போதும். பேராக் மாநிலம் 1948 முதல் 1960 வரை பன்னிரண்டு ஆண்டுகள் இவ்வாறு பிளவுண்டு கிடந்தது. மலாயா வரலாற்றில் அவசரகாலம் எனப்படும் அக்காலத்தைப் போர்முனைகளின் வழியே கூறியோர் பலர். வழிநடப்போரின் துன்பத்தின் வழியாகவும் அதனைக் கூற இயலும்.

1948 ஜூன் 16ஆம் நாள் காலை, ஈப்போவுக்கு வடக்கே உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில், எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அன்றே பேராக், ஜொகூர் மாநிலங்களின் சில பகுதிகளில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இரண்டே நாளில் அது நாடு முழுவதற்கும் விரிந்தது. ஆயுதமேந்திய மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியினர் காட்டுக்குள் புகுந்தனர். காட்டுக்கும் நகரத்துக்கும் இடையே இருந்தவை ரப்பர்த் தோட்டங்கள். அத்தோட்டங்களில் வாழ்ந்தோரில் பெரும்பகுதியினர் தமிழர். இரு தரப்பாரும் கடந்து செல்லும் வழியிலேயே அவர்களுடைய லயங்கள் நின்றன.

இங்கு உலக வரலாற்றின் ஒரு தொடர்பைக் கருத வேண்டும். 1948 மே மாதத்தில்தான் பிரிட்டன் பாலஸ்தீனத்தை விட்டு வெளியேறியது. யூதரும் அரபியரும் மோதிய அந்நிலத்தில் தலைமைச் செயலாளராக இருந்த சர் ஹென்றி கர்னி, அதே ஆண்டு அக்டோபரில் மலாயாவின் உயர் ஆணையராக வந்தார். பாலஸ்தீனக் காவற்படையின் இறுதித் தலைவரான நிக்கல் கிரே மலாயாவின் காவல்துறை ஆணையரானார். அப்படையில் பணியாற்றிய நூற்றுக்கணக்கானோர் இங்கு அதிகாரிகளாக அமர்ந்தனர். ஊரைச் சுற்றி வளைத்துச் சோதித்தல், விசாரணையின்றிக் காவலில் வைத்தல், ஊரடங்கு ஆகியவற்றில் அங்குப் பெற்ற பழக்கம் அவர்களோடு கப்பலேறி வந்தது. ஆதலின், ஈப்போச் சாலையில் நிறுத்தப்பட்ட தொழிலாளி, தான் அறியாத ஒரு தொலைநாட்டுப் பூசலின் நிழலிலும் நின்றான் எனலாம்.

1948இலேயே பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் ஆனோர் அனைவருக்கும் அடையாள அட்டை கட்டாயமாக்கப்பட்டது. அட்டையின்றிச் சாலையில் சென்றால் காவலர் பிடிப்பர். அட்டையோடு காட்டோரம் சென்றால் கொரில்லாக்கள் அதனைப் பறித்துக் கிழிப்பர். ஒரே தாள் ஒரு திசையில் காப்பாகவும் மறுதிசையில் குற்றமாகவும் விளங்கியது. பிளவுண்ட நிலத்தில் பயணம் செய்வதன் துயரம் முழுவதும் இவ்வொரு தாளுக்குள் அடங்கிவிடுகிறது.

1950இல் சர் ஹெரால்டு பிரிக்ஸ் வகுத்த திட்டத்தின்படி, காட்டோரங்களில் சிதறி வாழ்ந்த சுமார் ஐந்து இலட்சம் மக்கள், பெரும்பாலும் சீனர், நானூறுக்கு மேற்பட்ட புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். அவற்றுள் மிகுதியானவை பேராக்கில் அமைந்தவையே. தோட்டத் தொழிலாளருக்கு வேறொரு முறை கையாளப்பட்டது. சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடத்தில் திரட்டப்பட்டன. சுற்றிலும் முள்கம்பி, வாயிலில் சிறப்புக் காவலர். பால்மரம் வெட்டுவோர் விடியுமுன்னரே வேலைக்காட்டுக்குச் செல்வது வழக்கம். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்கு வடியும். ஊரடங்கு நீங்கும்வரை வாயில் திறவாமையால் அந்நல்ல வேளை குறைந்தது. பாலின் அளவு குறையின் கூலியும் குறையுமன்றோ? அரிசி பங்கிட்டளிக்கப்பட்டது. கொரில்லாக்களுக்கு உணவு சேரலாகாது என்பதால் வாயிலில் சோதனை நடந்தது. வேலைக்காட்டுக்கு உணவு கொண்டுசெல்லத் தடை விதிக்கப்பட்டது. பசியோடு மரம் வெட்டுவதும் அந்நாளைய பயணத்தின் ஒரு பகுதியாயிற்று.

பேராக்கின் தென்கோடியில் உள்ள தஞ்சோங் மாலிம், 1922 முதல் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி விளங்கிய கல்வி நகரம். 1952 மார்ச்சில் அதனருகே நிகழ்ந்த தாக்குதலில் பன்னிருவர் மாண்டனர். புதிய உயர் ஆணையர் சர் ஜெரால்டு டெம்ப்ளர் நேரில் வந்து, நாளொன்றுக்கு 22 மணிநேர ஊரடங்கை விதித்தார். அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார். கொன்றவர் சிலர், தண்டனை பெற்றது ஊர் முழுவதும். முன்னாண்டு அக்டோபர் 6ஆம் நாள் கர்னியும் மலைச்சாலை ஒன்றில் பதுங்கியிருந்தோரால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ஆளுவோருக்கும் அக்காலத்தில் வழி பாதுகாப்பானதாக இல்லை.

சாலை அடைபட்டபோது அடைபட்டது நடை மட்டுமன்று. ஒரு தோட்டத்தார் மறுதோட்டத்தாரோடு கூடிப் பேசியதால் வளர்ந்தவை தொழிற்சங்கங்கள். 1948இல் மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் தடைசெய்யப்பட்டது. அதன் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்ததாகத் தீர்ப்பளிக்கப்பட்டு, 1949 மே 4ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். வேலிக்குள் இருந்தோர் மீண்டும் ஒரு பெருஞ்சங்கமாய்த் திரள, 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றும்வரை காத்திருக்க நேர்ந்தது. அதே 1954இல், அவசரகாலம் தொடங்கிய சுங்கை சிப்புட்டிலேயே, வீ. தி. சம்பந்தனின் முயற்சியால் மகாத்மா காந்தி கலாசாலை எழுந்தது. துப்பாக்கிக்குப் பெயர்பெற்ற ஊர் அகிம்சையின் பெயரைத் தன் பள்ளிக்குச் சூட்டிக்கொண்டது குறிப்பிடத்தக்கது.

1957இல் நாடு விடுதலை பெற்றது. 1960 ஜூலை 31ஆம் நாள் அவசரகாலம் நீங்கியது. ஆயினும் அதன் சட்டங்கள் முற்றும் நீங்கவில்லை. விசாரணையின்றிக் காவலில் வைக்கும் அதிகாரம் அதே ஆண்டு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமாக உருமாறி, 2012 வரை நிலவியது. பாலஸ்தீனத்தில் பிரிட்டன் 1945இல் பிறப்பித்த அவசரகால விதிகளோ, இன்றும் இஸ்ரேலின் ஆட்சியில் நடைமுறையில் உள்ளன. வேலியைப் பிடுங்குவது எளிது. வேலிக்கென எழுதிய விதியைப் பிடுங்குவதே அரிது என்பதை இவ்விரு நாடுகளும் காட்டுகின்றன.

இன்று ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட்டுக்குச் செல்வோரை வழிமறிப்போர் இல்லை. பழைய ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன, லயங்கள் மறைந்தன. புதுக்கிராமங்கள் வேலியின்றி நிலைத்திருக்கின்றன. அவற்றிலும் தோட்டங்களிலும் வாழ்ந்து அட்டை காட்டி நடந்தவர்கள் அருகி வருகின்றனர். அவர்கள் நடந்த வழியை மாணவருக்கு எடுத்துரைப்பது தமிழாசிரியர்தம் கடமைகளுள் ஒன்றாகும். தடையின்றி நடக்கும் உரிமையின் அருமை, அது மறுக்கப்பட்ட காலத்தை அறிந்தவர்க்கே நன்கு புலப்படும்.