காஸ்ட் அயர்ன் புல்லட்டின் அலுமினியத் தலை

வடபழனியில், ஆற்காடு சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்து. பழைய புல்லட் ஒன்றின் ஹெட்டைக் கழற்றி, சாக்கின்மேல் கவிழ்த்து வைத்திருந்தார் மெக்கானிக். கரி படிந்த குழிவுக்குள் இரண்டு வால்வுகள். வண்டிக்காரர் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டே, "ஒரிஜினல் காஸ்ட் அயர்ன் சார், இந்தக் காலத்து டப்பா இல்ல" என்றார். மெக்கானிக் பதில் பேசவில்லை. நட்டு போட்டு வைக்கும் காந்தத் தட்டை எடுத்து ஹெட்டின் ஃபின்களில் வைத்தார். வழுக்கி விழுந்தது. அதையே கீழே இன்ஜினில் நின்ற போரின் (சிலிண்டரின்) மேல் வைத்தார். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

ஊரே 'காஸ்ட் அயர்ன்' என்று கொண்டாடும் வண்டிக்கு இரும்பு கழுத்துவரைதான். தலை அலுமினியம். இன்று நேற்றல்ல, 1949 மாடலை இங்கிலாந்தின் ரெட்டிச்சில் ராயல் என்ஃபீல்டு கொண்டுவந்தபோதே அப்படித்தான். காரணம் சூடு. இரும்பைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகமாக அலுமினியம் சூட்டைக் கடத்தும், எடையும் குறைவு. பெட்ரோல் வெடிக்கும் இடம் தலை. அங்கே சூடு தங்கினால் வால்வு கருகும். போரில் பிரச்சினை வேறு: பிஸ்டன் வளையம் ஓயாமல் உரசும் இடம் அது. அந்த உரசலுக்கு அன்றைக்கு இரும்புதான் தாங்கியது.

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. வடபழனிக்கு நகரின் இன்னொரு கோடியில், திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் பெட்டியில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள். 1957-ல் அச்சுகளும் கருவிகளும் வந்தன. 1962-க்குள் வண்டி முழுக்க இங்கேயே பிறந்தது. தாய்வீட்டில் ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்ட பிறகும், அதே தலை இங்கே வார்க்கப்பட்டுக்கொண்டே இருந்தது. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சிசி, 18 குதிரைத்திறன். அழுத்த விகிதம் வெறும் 6.5-க்கு 1. மட்டமான பெட்ரோலையும் முனகாமல் குடிக்கும் தலை அது. கிக்கரை மிதிக்கக் கால் போதாதவர்களுக்கு, அழுத்தத்தைத் திறந்துவிட ஹெட்டிலேயே ஒரு பொடி வால்வும் உண்டு. அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, அந்த லீவரை அழுத்தி, பிறகு உதைப்பது ஒரு தலைமுறையின் காலை வழிபாடு.

நெடுந்தூரம் போனவர்களுக்குத்தான் அதன் பலவீனம் தெரியும். அலுமினிய பிஸ்டன் சூட்டில் இரும்பைப்போல இரு மடங்கு விரியும். இரும்பு போர் அந்த வேகத்துக்கு விரிந்து இடம் கொடுக்காது. சித்திரை வெயிலில் திண்டிவனம் தாண்டியும் கைப்பிடியைத் தளர்த்தாமல் முறுக்கினால், பிஸ்டன் இறுகி இன்ஜின் 'சீஸ்' ஆகிவிடும்.

மாற்றம் வந்தது ரசிகர்கள் கேட்டு அல்ல. 2000 பிப்ரவரியோடு நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. வெளியேற்று வால்வின் சீட் தேயாமல் இத்தனை காலம் காத்து வந்தது அந்த ஈயம்தான். புகைக் கட்டுப்பாடுகளும் இறுகின. 1994-ல் நிறுவனத்தை எய்ஷர் கையில் எடுத்திருந்தது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்து ஏவிஎல் நிறுவனத்தின் துணையோடு, 1990களின் கடைசியில் முழு அலுமினிய இன்ஜின் ஒன்று தயாரானது. பெட்ரோல் குறைத்து, காற்று கூட்டி எரிக்கும் 'லீன் பர்ன்'. அப்படிப்பட்ட மெலிந்த கலவை சுலபமாகத் தீப்பிடிக்காது. உள்ளே நுழையும் காற்று சுழல வேண்டும். அதற்கேற்ற தலை வேண்டும். மச்சிஸ்மோ ஏ350-யில் வந்து, 2002-ல் தண்டர்பேர்டிலும் ஏறியது இந்த இன்ஜின்.

பழைய புல்லட்காரர்கள் அதை மன்னிக்கவில்லை. "பீட் இல்ல" என்றார்கள். சூடு தாங்கும், எண்ணெய் ஒழுகாது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தாலும் காது ஒப்புக்கொள்ளவில்லை. நானும் அந்தக் கட்சியில் இருந்தவன்தான். வழியில் நின்றுபோகாத வண்டியை அது நிற்கவில்லை என்பதற்காகவே சந்தேகப்பட்டவன்.

அடுத்து வந்த யூசிஇ (யூனிட் கன்ஸ்ட்ரக்ஷன் இன்ஜின்) இந்த மனக்குறையைப் புரிந்துகொண்டு செய்த தலை என்று நினைக்கிறேன். இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் வந்தன. ஆனால் 90 மி.மீ. ஸ்ட்ரோக்கும், கீழிருந்து ராக்கரைத் தள்ளும் புஷ்ராடும் அப்படியே இருந்தன. டேப்பெட்டை எண்ணெய் அழுத்தமே சரிசெய்துகொண்டது. 350-யில் இரண்டு ஸ்பார்க் பிளக்: இரு பக்கமும் தீ மூட்டினால் தீ ஓட வேண்டிய தூரம் குறையும், கலவை மிச்சமின்றி எரியும். 2010-ல் பாரத் ஸ்டேஜ் 3 புகை விதி வந்தபோது தாக்குப்பிடித்தது இந்தத் தலைதான். இரும்பு போருக்கு அதோடு விடை.

டூரிங்குக்கென்றே பிறந்த தலை 2016-ல் ஹிமாலயனில் வந்தது. புஷ்ராடு போய், கேம் தலைக்கே ஏறியது. 411 சிசி, 24.5 குதிரைத்திறன், எண்ணெயைக் குளிர்விக்கத் தனிக் கூலர். 2023 நவம்பரில் புதிய ஹிமாலயன் வந்தபோது நான்கு வால்வு, இரண்டு கேம், தண்ணீர்க் குளிர்ச்சி. கொள்ளளவு 452 சிசி, பத்தில் ஒரு பங்குதான் கூடுதல். திறனோ 40 குதிரையை ஒட்டி எகிறியது. பங்குனி உத்திரத்தன்று வடபழனி முருகன் கோயில் வாசலில் நின்றவர்களுக்கு இது புரியும்: ஒரு கதவு எவ்வளவு பெரிதானாலும், இரண்டு கதவு திறந்தால்தான் கூட்டம் நகரும்.

சந்தில் வண்டிக்காரர் இன்னும் விடவில்லை. யூசிஇ ஹெட்டை இதில் மாட்ட முடியுமா என்று கேட்டார். "புஷ்ராடு வர்ற இடமே வேற சார். இருக்கறத நல்லாப் பண்ணித் தரேன்" என்றார் மெக்கானிக். போர்ட்டின் உள்முரட்டை வழித்திருந்தார். சீட்டுக்குப் புது வெட்டு கொடுத்திருந்தார். இப்போது வால்வின் முகத்தில் பேஸ்ட் தடவி, குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து, மத்து கடைவதுபோல உருட்டத் தொடங்கினார். கரகரப்பு மெல்ல அடங்கி வழவழப்பானது. துடைத்தார், ஸ்பிரிங்கைப் பூட்டினார், ஹெட்டைச் சாய்த்து போர்ட்டுக்குள் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றினார்.

மூன்று பேரும் குனிந்து வால்வின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். டீ ஆறிப்போகும்வரை ஒரு சொட்டும் கசியவில்லை.